மாரிக்கு முன் ஒழுங்கைக்கு ஒரு வட்ஸ்அப் குரூப்: திருகோணமலைக்கான செய்முறை

திருகோணமலையில் வட்ஸ்அப் குரூப் இல்லாத ஒழுங்கை இன்று அரிது. காலை வணக்கப் பூப்படம், மரண அறிவித்தல், டியூஷன் நேரமாற்றம், கரைவலையில் மீன் பட்ட செய்தி, காணாமற்போன ஆட்டின் படம் எல்லாம் அதற்குள்தான். மழை இரவில் அந்தக் குரூப் உதவாது. "மதகால தண்ணி ஏறுது" என்ற ஒரேயொரு பயனுள்ள வரி, அழுகிற முகக்குறிகளுக்கும் எந்த ஊரிலோ எடுத்த வெள்ள வீடியோக்களுக்கும் அடியில் போய்விடும். அந்தப் பழைய குரூப்பைத் திருத்தப் போகாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். அது தன் பாட்டில் ஓடட்டும். ஆண்டின் பெரும்பகுதி வாய் திறக்காமல் கிடக்கும் இரண்டாவது குரூப் ஒன்றைத் தனியாகத் தொடங்குங்கள்.

இங்கே பெருமழை ஒக்டோபரில் பிடித்தால் வாடைக்காற்றோடு ஜனவரி வரை இழுக்கும். புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது 2020 டிசம்பர் 2 இரவு. ஆகவே வேலையைச் செப்டம்பரில், கச்சான் வீசி நிலம் காய்ந்து கிடக்கும்போதே தொடங்க வேண்டும். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு குரூப் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று மணித்தியாலத்தை ஆட்களைச் சேர்ப்பதிலேயே தொலைத்துவிடுவார்கள்.

முதலில் கடதாசி

போனைத் தொடுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுங்கள். 40 முதல் 60 வீடு போதும். கிராம சேவகர் பிரிவின் எல்லையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். தண்ணீர் எந்த வழியால் வருகிறது, எந்த மதகால் வடிகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். ஒரே மதகை நம்பியிருக்கும் வீடுகள் ஒரு குரூப். நகரப் பகுதியில் மழைநீர் கடலுக்கு வடியாமல் தேங்குவதே பெரிய தொல்லை. மழை விட்டால் தணியும். மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்று, கிண்ணியாவின் தாழ்ந்த பகுதிகளின் கதை வேறு. மலைநாட்டில் பெய்த மழை மகாவலியால் இறங்கிக் கொட்டியாரக்குடாவுக்கு வருகிறது. அங்கே வானம் வெளுத்த பிறகும் தண்ணீர் ஏறலாம். "மழை விட்டிட்டுது, வீட்டுக்குப் போங்க" என்று எழுதும் உரிமை அந்த ஊர்க் குரூப்பில் யாருக்கும் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத வேண்டியவை: வீட்டை ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்பது ("கிணத்தடி வீடு", "பழைய சங்கக்கடைக்குப் பின்னால"), இரண்டு போன் இலக்கம், அதில் எது பட்டன் போன், எழுந்து நடக்க முடியாதவர் யார், இன்சுலின் போடுபவர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், பிரசவ நாள் நெருங்கியவர். உதவிக்கு இருப்பவற்றையும் எழுதுங்கள்: தோணி, ஏணி, ஜெனரேட்டர், மேல்மாடி, ட்ரக்டர்.

இரண்டு இலக்கம் கேட்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் பெரும்பாலும் ஐயாவோடு கடலுக்கோ வேலைக்கோ போய்விடும். அல்லது மகனின் கையில் கேம் விளையாடிச் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். பகலில் வீட்டில் இருக்கும் அம்மாவின் பட்டன் போன் இலக்கம்தான் உண்மையில் உங்களுக்குத் தேவை.

இந்தக் கொப்பியைப் படமெடுத்துக் குரூப்பில் போடாதீர்கள். எந்த வீட்டில் தனித்த கிழவி, எந்த வீட்டில் என்ன வருத்தம் என்று ஊர் முழுக்க, பிறகு வெளிநாடு முழுக்கப் போய்விடும். மூன்று கைப்பிரதி எடுத்து, பொலித்தீன் உறையில் போட்டு, மூன்று வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

குரூப்பைக் கட்டும் விதம்

பெயரிலேயே இடமும் வேலையும் இருக்கட்டும்: "கிணத்தடி ஒழுங்கை - வெள்ளம் மட்டும்". ஒரு வட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக மைத்துனரின் மைத்துனரை எல்லாம் சேர்க்க வேண்டாம். வீட்டுக்கு இருவர்.

குரூப்பின் பெயரைத் தட்டி 'குரூப் பெர்மிஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். செய்தி அனுப்பும் உரிமை அட்மின்களுக்கு மட்டும். பெயரையும் படத்தையும் மாற்றும் உரிமையும் அப்படியே. புதியவர்கள் அட்மினின் அனுமதியோடுதான் உள்ளே வர வேண்டும். "ஜனநாயகம் இல்லையா?" என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்குப் பழைய குரூப் இருக்கிறது. தண்ணீரைப் பார்த்தவர் அட்மின் ஒருவருக்கு நேரே கோல் எடுக்கட்டும்; அட்மின் உறுதிசெய்து எழுதட்டும்.

அட்மின் நால்வர் வேண்டும். ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. நால்வரும் ஒரே கம்பனியின் சிம் வைத்திருக்கவும் கூடாது. ஒரு கோபுரம் விழுந்தால் நாலு பேரும் ஊமையாகிவிடுவார்கள். டயலொக் ஒருவர், மொபிடெல் ஒருவர், ஹட்ச் ஒருவர் என்று பிரிந்திருப்பது நல்லது. ஒருவர் இரவில் விழித்திருப்பவராக இருக்கட்டும்: பேக்கரிக்காரர், காவல் வேலைக்காரர், விடிய மூன்று மணிக்குக் கடலுக்கு எழும்புகிறவர். ஒருவர் உவர்மலை போன்ற மேட்டுப் பகுதியில் வசிக்கும் உறவினராக இருந்தால் இன்னும் நல்லது; அவர் வீட்டுக்குள் தண்ணீர் போகாது.

வெளிநாட்டில் இருப்பவர்களை என்ன செய்வது? டிசம்பரில் எங்களுக்கு இரவு 2 மணி என்றால் டொரொண்டோவில் முதல் நாள் மாலை மூன்றரை. முழு விழிப்பில் இருக்கும், நல்ல இணைப்புள்ள ஒரு மருமகள் அங்கே இருந்தால், எச்சரிக்கை அறிக்கைகளைப் பார்த்து அட்மினுக்குச் சொல்லும் வேலையை அவருக்குக் கொடுக்கலாம். குரூப்புக்குள் விடாதீர்கள். இங்கே ஒருவர் சந்தேகத்தில் சொன்னது லண்டன் போய், பத்துப் பேர் வாயில் புரண்டு, "உறுதியான தகவல்" என்று அரை மணித்தியாலத்தில் இதே ஒழுங்கைக்குத் திரும்பி வரும்.

குரூப் கட்டியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே போய், போனைக் கையில் வாங்கி மூன்று காரியம் செய்து கொடுங்கள். ஒன்று, இந்தக் குரூப்புக்கு மட்டும் உரத்த, வேறு எதற்கும் இல்லாத ஒலி வைத்து, மற்றக் குரூப்புகளை மியூட் செய்வது. இரண்டு, அன்ட்ரொய்ட் போனின் பட்டரி செட்டிங்கில் வட்ஸ்அப்புக்குக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது. பட்டரி சேமிப்பில் போன் தூங்கும்போது செய்தி வந்தாலும் ஒலி வராமல் போவது இதனால்தான். "எனக்கு வரேல்லையே" என்ற முறைப்பாடுகளில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கும். மூன்று, படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துவது. ரீலோட் போட்டுச் சிறிய டேட்டாப் பொதியில் காலம் தள்ளும் வீட்டில், மூன்று வெள்ள வீடியோ இறங்கினால் அன்றைய டேட்டா முடிந்தது.

அவசர இலக்கங்களை ஒரு செய்தியாக எழுதி, அது குரூப்பின் மேலேயே நிற்க 'பின்' (Pin) செய்யுங்கள்: 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 1987 மின்சாரம். அதோடு உங்கள் கிராம சேவகரின் இலக்கமும் பிரதேச செயலகத்தின் இலக்கமும். பின் செய்த செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் மேலே நிற்கும். மாதம் தொடங்கும்போது மறுபடி பின் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

ஒரு செய்தியில் என்ன இருக்க வேண்டும்

இடம், நேரம், அளவு, செய்ய வேண்டியது. இந்த நான்கும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள்.

நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுத வேண்டும். வட்ஸ்அப்தான் நேரம் காட்டுகிறதே என்று விடக் கூடாது. சிக்னல் போய்வரும் இரவில், 9 மணிக்கு எழுதிய "தண்ணி வருது, வெளிக்கிடுங்க" 3 மணிக்கு வந்து விழும். தூக்கத்தில் எழும்பியவர் செய்தியின் ஓரத்தில் இருக்கும் சின்ன இலக்கத்தைப் பார்க்க மாட்டார். அதை வேறு குரூப்புக்கு ஃபோர்வர்ட் செய்தால் அனுப்பிய புது நேரம்தான் தெரியும். பழைய ஆபத்து புதுச் செய்தியாகிவிடும்.

அளவு சொல்வதில்தான் பெரும் குழப்பம். "முழங்கால் அளவு" என்றால் யாருடைய முழங்கால்? மதகடியில் உள்ள ஒரு வீட்டு மதிலில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, எனமல் பெயின்ற்றால் கோடு போடுங்கள். வீதி மட்டம் பூச்சியம். அங்கிருந்து 15, 30, 60 சென்றிமீற்றரில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. டோர்ச் அடித்தால் 20 அடி தூரத்தில் தெரிய, கோடு நாலு விரல் தடிப்பாக இருக்கட்டும். சுண்ணாம்பு வேண்டாம், முதல் மழையோடு போய்விடும்.

மஞ்சளைத் தொட்டால் மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் மேட்டுக்கு எடுங்கள். இழுத்து ஓடும் தண்ணீராக இருந்தால் 15 சென்றிமீற்றரே வளர்ந்தவரின் காலைத் தட்டிவிடும். செம்மஞ்சளில் நடக்க முடியாதவர்களும் பிள்ளைகளும் வெளிக்கிட வேண்டும். ஓடும் வெள்ளத்தில் 30 சென்றிமீற்றர் ஒரு சிறிய காரைக்கூட நகர்த்தும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் முன்பே மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். நனைந்த நிலத்தில் நின்றுகொண்டு பிறகு தொடப் போகக் கூடாது. சிவப்பு வரை யாரும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. அந்தக் கோடு தோணி தேவை என்று வெளியாட்களுக்குச் சொல்வதற்கு.

நல்ல செய்தி இப்படி இருக்கும்:

"மதகடி. இரவு 9.40. தண்ணி 30 கோட்டில், ஏறுது. நடக்க ஏலாதவங்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவாங்க. வீதியால வாங்க, வாய்க்கால் கரையால வேண்டாம்."

"கவனமாக இருங்கள்" என்பது செய்தி அல்ல. அதை வாசித்த எவரும் எழுந்து எதையும் செய்வதில்லை.

எழுத்து வாசிக்காதவர்களுக்காக அதே செய்தியை 20 விநாடி வாய்ஸாகவும் போடுங்கள். வாய்ஸில் முதல் சொல் இடமும் நேரமுமாக இருக்கட்டும். "ஹலோ, ஹலோ, கேக்குதா" வேண்டாம். சிங்களம் பேசும் குடும்பங்கள் உள்ள ஒழுங்கையில் அந்த வீட்டாரில் ஒருவரையே சிங்கள வாய்ஸுக்குப் பொறுப்பாக்குங்கள். பாமினி எழுத்துருவில் கணினியில் அடித்ததை அப்படியே ஒட்டினால் போனில் கிறுக்கலாக விழும். யுனிகோட்டில் அடியுங்கள், இல்லையேல் பேசுங்கள்.

"குளம் உடைஞ்சிட்டுதாம்"

1986இல் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு மாரியிலும் இந்த இரண்டு சொல்லுக்கு இவ்வளவு வேகம். முக்கால்வாசி நேரம் நடந்தது என்னவென்றால் வான்கதவைத் திறந்திருப்பார்கள், அல்லது குளம் நிரம்பி வான் பாய்ந்திருக்கும். வான்கதவு திறப்பது அணையைக் காப்பாற்றச் செய்யும் வழக்கமான வேலை. தாழ்நிலத்துக்குத் தண்ணீர் வரும்தான். ஆனால் வெளியேற நேரம் இருக்கும். அணை உடைப்பு வேறு. அட்மின்கள் இந்த மூன்று சொல்லையும் மாற்றிப் போடவே கூடாது: வான் பாய்கிறது, வான்கதவு திறந்தது, உடைந்தது.

சரிபார்க்கும் முறை சுருக்கமானது. யார் கண்ணால் பார்த்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறியோடு பலமுறை ஃபோர்வர்ட் ஆனது என்று இருந்தால், அது உங்களிடம் வருமுன் குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது. சொன்னவரைத் தேடிப் பிடிக்க முடியாது. அரசாங்க அறிக்கையின் படம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது திகதியும் வெளியிட்ட நேரமும். போன ஆண்டு அறிக்கை, திகதியை வெட்டி எறிந்து இந்த ஆண்டும் சுற்றும். காற்றுக்கும் மழைக்கும் வளிமண்டலவியல் திணைக்களம், ஆற்றுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம். மூதூர், வெருகல் பக்கத்தார் நீர்ப்பாசனத் திணைக்கள அறிக்கையில் மகாவலியின் மனம்பிட்டி நீர்மட்டத்தைப் பாருங்கள். அங்கே ஏறும் தண்ணீருக்குப் போகும் வழி உங்கள் பக்கம்தான்.

பிழையான செய்தி போய்விட்டால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வாசித்தவர் வாசித்தாயிற்று. "9.40க்குப் போட்டது பிழை. குளம் உடையேல்லை. வான்கதவு திறந்திருக்கு" என்று எழுதுங்கள்.

சிக்னல் போனால்

போகும். கரண்ட் போனதும் கோபுரங்கள் தங்கள் பட்டரியில் சில மணித்தியாலம் ஓடும். பிறகு ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொண்டுபோக வழி இருக்க வேண்டும். அதற்கு முன்பே இணையம் நடுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் வட்ஸ்அப்பில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் எஸ்எம்எஸுக்கு மாறுங்கள். கோல் எடுபடாத பலவீனமான சிக்னலிலும் எஸ்எம்எஸ் நுழைந்துவிடும்; நுழையாவிட்டால் வலையமைப்பு வைத்திருந்து பிறகு கொடுக்கும்.

ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸுக்கு 160 இடம். உள்ளே ஒரேயொரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்திக்கும் 70 இடம்தான். தமிழில் 'த' ஓர் இடம், 'தி' இரண்டு இடம், புள்ளி வைத்த 'த்' இரண்டு இடம். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒரு துண்டு வராமலே போகலாம். "தண்ணி மதகு 30, 9.40 இரவு. கோயிலுக்கு வாங்க." இது 43 இடம். இப்படி நாலைந்து வரியை முன்கூட்டியே எழுதி டிராஃப்டில் வைத்திருங்கள்.

ஓர் அட்மின் 60 வீட்டுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. வீடுகளை ஐந்தைந்தாகப் பிரித்து ஒவ்வோர் ஐந்துக்கும் ஒருவர். அவருக்கு வந்தால் அவர் மற்ற நாலு கதவையும் தட்ட வேண்டும். கையால், போனால் அல்ல. பட்டன் போன் உள்ள வீடும் போனே இல்லாத வீடும் ஒவ்வோர் ஐந்திலும் முதலில் தட்டும் கதவாக இருக்கட்டும். கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, சேர்ச் மணி மூன்றுக்கும் பொறுப்பானவர்களோடு முன்பே கதைத்து வையுங்கள்: எந்த நிறக் கோட்டில் அறிவிக்க வேண்டும், கரண்ட் இல்லாதபோது அம்ப்ளிஃபயருக்கு எந்த பட்டரி, இரவில் திறப்பு யார் கையில். திறப்பு விஷயம்தான் எப்போதும் மறந்துபோகும்.

போனின் உயிர் பட்டரியில். 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பாங்க், 5,000 போனை இரண்டு தரம் நிரப்பாது. மின்னழுத்தம் மாற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஒன்றரைத் தரம் என்று கணக்கு வையுங்கள். இரண்டு நாளுக்குத் தாக்குப்பிடிக்க விமானப் பயன்முறையில் போட்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் திறவுங்கள். ஒழுங்கை முழுவதும் ஒரே ஐந்து நிமிடத்தைப் பின்பற்றினால்தான் பயன். சிக்னல் தேடித் தேடியே பட்டரி சாவது பலருக்குத் தெரியாது. போனில் ரேடியோ இருந்தால் வயர் ஹெட்ஃபோனையும் எடுத்து வையுங்கள். அந்த வயர்தான் அதற்கு அன்டெனா.

இருக்கும் இடத்தைச் சொல்ல இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். மெப்பில் உங்கள் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும், நகரத்தில் 8.5, 81.2 என்று தொடங்கும். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் சொன்னால் ஏறத்தாழ 11 மீற்றர் துல்லியம், ஒரு வளவு அளவு. அதை எஸ்எம்எஸில் அனுப்பலாம். 1990க்குக் கோல் எடுக்கும்போது மட்டும் வாயால் அடையாளம் சொல்லுங்கள்: எந்தச் சந்தி, எந்தப் பள்ளிக்கூடம், வாகனம் எதுவரை வரும்.

நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள். துடைத்து, சிம்மைக் கழற்றி, காற்றில் வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் தவிடும் மாவும் சார்ஜ் துளைக்குள் போவதுதான் மிச்சம்.

கடல் விஷயத்தில் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை இங்கே வந்தது. கடல் உள்வாங்கினால், அல்லது சுனாமி எச்சரிக்கை வந்தால், குரூப்பைத் திறக்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். மேட்டுக்கு ஓடிய பிறகு எழுதலாம்.

ஒத்திகையும் பிறகும்

ஒக்டோபர் முதல் வாரம், ஒரு போயா நாள் இல்லாத சாதாரண மாலை 7 மணிக்கு "ஒத்திகை" என்று தலைப்பிட்டு ஒரு செய்தி போடுங்கள். ஒவ்வொரு வீடும் தன் ஐந்துக்குப் பொறுப்பானவரிடம் "கண்டேன்" சொல்ல வேண்டும். அரை மணித்தியாலத்தில் எத்தனை வீடு என்று எண்ணுங்கள். பதில் வராத வீட்டுக்கு நடந்து போய்க் காரணம் கேளுங்கள். இலக்கம் மாறியிருக்கும், சிம் காலாவதியாகி வேறொருவரிடம் போயிருக்கும், மகளின் போன் மகளோடு கம்பஸில் இருக்கும். மறுநாள் கொப்பியைத் திருத்துங்கள்.

வெள்ளம் வடியத் தொடங்கும்போது வேறு வகைச் செய்தி வரும். "நிவாரணம் பெற இந்த லிங்கில் பதியுங்கள்" என்பது அதில் முதலாவது. நிவாரணப் பதிவு கிராம சேவகர் வழியாக நடப்பது. அட்மின்கள் அவரிடம் கேட்காமல் எந்த லிங்கையும் விடக் கூடாது. உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டு யார் எழுதினாலும், தெரிந்தவரின் பெயரிலேயே வந்தாலும், கொடுக்காதீர்கள். அது உங்கள் வட்ஸ்அப்பைப் பறிக்கும் வழி. பறித்தவர் உங்கள் பெயரில் ஒழுங்கை முழுக்கக் காசு கேட்பார். நான்கு அட்மின்களும் வட்ஸ்அப் செட்டிங்கில் உள்ள இரட்டைச் சரிபார்ப்பு (Two-step verification) இலக்கத்தை மழைக்கு முன்பே போட்டுவைப்பது இதற்காகத்தான். முகாமில் சோற்றுப் பார்சலோடு நிற்பவர்களின் முகத்தைப் படமெடுத்துப் போடுவதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள். உதவி செய்தவருக்குப் படம் தேவை என்றால் பார்சலை எடுக்கட்டும்.

மார்ச்சில் ஒரு கடைசிச் செய்தி: தண்ணீர் எந்தக் கோடு வரை வந்தது, எந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை, எந்தத் திறப்பு கிடைக்கவில்லை. அதைக் கொப்பியின் பின்பக்கத்தில் பேனையால் எழுதுங்கள், வட்ஸ்அப்பில் தேடினால் அகப்படாது. வெளிறிய கோட்டுக்கு ஒரு பூச்சு. பவர் பாங்கை அரைவாசி சார்ஜோடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். வெறுமையாகக் கிடந்தால் அடுத்த மாரிக்கு அது செங்கல்தான்.